தருமப் பணத்துக்கும் கணக்கு உண்டு



கொழுந்து நிறுக்கும் இடத்தில் நம் பெண்கள் நிற்பதைப் பாருங்கள். தராசு எங்கே நிற்கிறது, சாக்குக்கு எவ்வளவு கழிக்கிறார்கள், தண்ணீருக்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்று கண் கொட்டாமல் பார்ப்பார்கள். அரைக் கிலோ குறைந்தாலும், "என்னாங்கையா, இது யாரு கணக்கு?" என்று கேட்டு விடுவார்கள். அதில் தவறில்லை. அது அவர்களின் வியர்வை.

அதே பெண் மரண சகாய சங்கத்துக்கு மாதாமாதம் சந்தா கட்டுகிறாள். கோயில் திருவிழாவுக்கு வரி கொடுக்கிறாள். வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்தில் அவளுக்குப் பங்கு இருக்கிறது. வெளியில் இருந்து வரும் தொண்டு நிறுவனம், அவளுடைய லயத்தின் பெயரைச் சொல்லித்தான் பணம் திரட்டுகிறது. இவற்றில் எதற்காவது அவள் கணக்குக் கேட்டிருக்கிறாளா? கேட்பதில்லை. ஏன் என்று கேட்டால், "கேட்டா நம்மள என்னா நெனைப்பாங்க? நல்லது செய்றவங்ககிட்ட போயி கணக்கு கேக்கலாமா?" என்கிறாள்.

கேட்கலாம், கேட்க வேண்டும். அரைக் கிலோ கொழுந்துக்குக் கேட்கிற நாம், ஆயிரக்கணக்கான ரூபாவுக்கும் கேட்கப் பழக வேண்டும். இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது.

என் கணக்கில் காணாமல் போன 2,000 ரூபா

மற்றவர்களைச் சொல்வதற்கு முன் என் கதையைச் சொல்லி விடுகிறேன்.

பல வருஷங்களுக்கு முன், பதுளை மாவட்டத்தில் ஒரு தோட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தராக இருந்தேன். அங்கே மரண சகாய சங்கத்துக் கணக்கை எழுத ஆள் இல்லை. "ஐயா படிச்சவரு, ஐயாவே எழுதட்டும்" என்று என்னிடம் கொடுத்தார்கள். நானும் சந்தோஷமாக வாங்கிக் கொண்டேன்.

வருஷ முடிவில் பிரட்டுக்களத்தில் பொதுக் கூட்டம். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று வாசித்து முடித்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். பின்னால் இருந்து ஒரு பாட்டி எழுந்து நின்றார். பெயர் வெட்டி, வேலையில் இருந்து நின்றுவிட்ட பழைய கொழுந்துக்காரி. எழுத்து வாசிக்கத் தெரியாதவர்.

"ஐயா கோவிச்சுக்கக் கூடாது. போன வருசம் முடியிறப்ப எவ்வளவு இருந்துச்சு? இப்ப பேங்க்ல எவ்வளவு இருக்கு, கையில எவ்வளவு இருக்கு? அத மட்டும் சொல்லுங்க."

கூட்டத் தலைவர், "உக்காரு பாட்டி, ஐயாவையே சந்தேகப்படுறியா?" என்று சத்தம் போட்டார். பாட்டி உட்கார்ந்து விட்டார். எனக்கு முகம் சிவந்து போயிற்று. நான் ஒரு சதமும் எடுக்காதவன். அந்தக் கோபத்தில் பதில் சொல்லாமலே கூட்டத்தை முடித்தேன்.

இரவு குவார்ட்டர்ஸுக்கு வந்து புத்தகத்தை எடுத்து, பாட்டி கேட்ட மாதிரியே கணக்குப் பார்த்தேன். 2,000 ரூபா குறைந்தது. மூன்று முறை கூட்டினேன், அப்போதும் குறைந்தது. விடியும் நேரத்தில்தான் ஞாபகம் வந்தது. மழைக்காலத்தில் ஓர் இரவு, ஒரு குடும்பத்தில் ஆள் இறந்து, உடலை ஆஸ்பத்திரியில் இருந்து கொண்டுவர வேன் கூலிக்கு அவசரமாகப் பணம் கொடுத்தேன். பற்றுச்சீட்டு எழுதவில்லை, புத்தகத்திலும் பதியவில்லை. அந்தக் குடும்பமோ தோட்டத்தை விட்டே போய்விட்டது.

நான் திருடவில்லை. ஆனால் திருடவில்லை என்று காட்ட என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. என் கைப்பணத்தில் 2,000 ரூபாவைப் போட்டேன். அடுத்த கூட்டத்தில் நடந்ததைச் சொல்லி, எல்லார் முன்னிலையிலும் அந்தப் பாட்டியிடம் மன்னிப்புக் கேட்டேன். பாட்டி சொன்ன பதில்: "நீங்க எடுத்தீங்கன்னு நான் சொல்லலையே ஐயா. எவ்வளவு இருக்குன்னுதான் கேட்டேன்."

அன்று படித்தது இது. கணக்குக் கேட்பது சந்தேகம் ஆகாது. கள்ளனைப் பிடிப்பதற்கு மட்டும் கணக்கு என்று நினைக்கிறோம். நல்லவனைக் காப்பாற்றுவதும் அதே கணக்குத்தான்.

தருமப் பணத்துக்குச் சொந்தக்காரர் யார்?

கதிர்காமம் போகும்போது நம் ஆட்டைப் பக்கத்து லயத்தில் ஒருவரிடம் விட்டுவிட்டுப் போகிறோம். அவர் புல் போடுகிறார், தண்ணீர் வைக்கிறார். நாம் திரும்பி வருவதற்குள் ஆடு குட்டி போட்டு விடுகிறது. குட்டி யாருக்கு? நமக்குத்தான். பார்த்துக் கொண்டவர் நல்ல மனிதர், அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனாலும் ஆடு அவருடையது ஆகிவிடாது.

தரும நிறுவனமும் அப்படித்தான். இதில் மூன்று பேர் உண்டு. பணம் கொடுக்கிறவர் ஒருவர். அதை வைத்து நடத்துகிறவர் ஒருவர். யாருடைய நன்மைக்காகப் பணம் வந்ததோ, அந்த ஏழை ஒருவர். நடுவில் இருப்பவருக்குத்தான் நம்பிக்கைப் பொறுப்பாளர் என்று பெயர். சாவி அவர் கையில் இருக்கும், பெட்டி அவருக்குச் சொந்தமில்லை.

இது நான் கற்பனையாகச் சொல்வதல்ல. இலங்கையில் 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டம் நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. பொறுப்பாளர் தெளிவான, சரியான கணக்கு வைத்திருக்க வேண்டும், பயன்பெறுகிறவர் கேட்டால் நியாயமான நேரத்தில் முழு விபரமும் கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. பொறுப்புச் சொத்தைக் கொண்டு பொறுப்பாளர் தனக்கு லாபம் தேடிக் கொள்ளக் கூடாது என்பதும் அதில் உண்டு. ஆட்டுக்குட்டிக் கணக்குத்தான் சட்டமாக எழுதப்பட்டிருக்கிறது.

"சிவன் சொத்து குல நாசம்" என்று நம் பெரியவர்கள் பயந்தார்கள். ஏழையின் பெயரால் வந்த சொத்துக்கும் அதே பயம் இருக்க வேண்டும். பயம் மட்டும் போதாது, புத்தகமும் வேண்டும். ஏனென்று பழைய கதை ஒன்று சொல்கிறது.

பச்சையப்ப முதலியாரின் உயில்

நம் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டில் 1754ஆம் ஆண்டு பச்சையப்ப முதலியார் என்பவர் பிறந்தார். தகப்பன் இல்லாத ஏழைப் பிள்ளை. சென்னையில் ஆங்கிலேயரிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பும் வியாபாரத் தரகும் பார்ப்பவராக வேலை செய்து பெரும் பணம் சேர்த்தார். 1794ஆம் ஆண்டு மார்ச் மாதம் நோய்ப் படுக்கையில் ஓர் உயில் எழுதினார். தன் பணம் கோயில்களுக்கும் தான தருமத்துக்கும் போக வேண்டும் என்று சொல்லி, அதே மாதம் காலமானார். அவருக்கு அப்போது நாற்பது வயதுதான்.

உயில் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது, பணமும் இருந்தது, அதைச் செய்து முடிக்கப் பொறுப்பானவர்களும் இருந்தார்கள். ஆனால் கேட்க ஆள் இல்லை. கொடுத்தவர் இறந்து போனார். பெற வேண்டிய ஏழைகளுக்குத் தங்கள் பெயரில் பணம் இருப்பதே தெரியாது. உறவினர் ஒரு பக்கம், பொறுப்பாளர் ஒரு பக்கமாக வழக்கு இழுபட்டு, தருமம் பல பத்தாண்டுகள் நடக்காமல் கிடந்தது.

பிறகு அந்நாளைய சென்னை உச்ச நீதிமன்றம் தலையிட்டது. அரசாங்க வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் இதில் மிகவும் பாடுபட்டார். கணக்குப் பார்த்தபோது, வட்டியும் முதலுமாகப் பணம் பெருகியிருந்தது. கோயில் தருமங்களுக்கு வேண்டியதை ஒதுக்கி வைத்து, மீதியில் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுப்பது என்று தீர்மானமாயிற்று. நடத்துவதற்கு ஒரு பொறுப்பாளர் சபை ஏற்பட்டது. 1842 ஜனவரியில் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. அதுவே பின்னர் பச்சையப்பன் கல்லூரியாக வளர்ந்தது. கணித மேதை ராமானுஜன் அங்கே படித்திருக்கிறார். தமிழ்நாட்டின் முதலமைச்சராக வந்த அறிஞர் அண்ணா அங்கே படித்தவர்.

கணக்குப் போடுங்கள். 1794இல் எழுதிய உயில், 1842இல் பள்ளிக்கூடம். இடையில் 48 வருஷம். அந்த 48 வருஷத்தில் படிக்க வேண்டியிருந்த எத்தனை ஏழைப் பிள்ளைகள் எழுத்துத் தெரியாமலே பெரியவர்களாகி இறந்திருப்பார்கள்! பணம் அப்படியே காணாமல் போய்விடவில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளைகளுக்கு அது கிடைக்கவில்லை. தாமதமும் ஒரு நஷ்டம்தான். அதை எந்தப் புத்தகத்திலும் எழுத மாட்டார்கள்.

இந்தக் கதைக்கு ஒரு வால் உண்டு. அண்மை ஆண்டுகளில் அதே அறக்கட்டளையின் நிருவாகம் பற்றி மறுபடியும் வழக்குகள் வந்தன. சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை நிருவாகியாக நியமித்தது. ஒரு தடவை கணக்குக் கேட்டு ஒழுங்காக்கி விட்டால் எப்போதும் ஒழுங்காக இருக்கும் என்று நினைக்கக் கூடாது. அடுப்பங்கரை மாதிரித்தான். தினம் கூட்ட வேண்டும்.

நம் பக்கத்திலேயே ஒரு பாடம்

அது கடல் கடந்த கதை என்றால், நம் ஊவாவில் நடந்ததைப் பார்ப்போம். கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது.

முதல் நாட்களில் நூற்றுக்கணக்கானோரைக் காணவில்லை என்று செய்தி வந்தது. பிறகு எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறி வெகுவாகக் குறைந்தது. பலர் வேலைக்குப் போயிருந்தார்கள், பிள்ளைகள் பாடசாலைக்குப் போயிருந்தார்கள். யார் வீட்டில் இருந்தார், யார் வெளியில் இருந்தார் என்று உடனே சரியாகச் சொல்லக் கூடியதாக இருக்கவில்லை. ஆட்களின் பட்டியலும் ஒரு கணக்குத்தான். அது சரியாக இல்லாவிட்டால், அழுவதற்குக்கூட எத்தனை பேருக்காக அழுவது என்று தெரியாமல் போகிறது.

இன்னொன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்தானது என்று எச்சரித்திருந்ததாகப் பின்னர் பேசப்பட்டது. எச்சரிக்கை யாருக்குப் போனது, அவர் யாருக்குச் சொன்னார், அதன்மேல் என்ன செய்யப்பட்டது என்பதெல்லாம் சாவுக்குப் பிறகுதான் விவாதத்துக்கு வந்தது. கூட்டத்தில் ஒரு விஷயம் வந்தால், யார் செய்வது, எந்தத் திகதிக்குள் செய்வது என்று கூட்டறிக்கையில் எழுதி, அடுத்த கூட்டத்தில் "அது என்னாச்சு?" என்று கேட்க வேண்டும். கணக்கு என்பது பணத்துக்கு மட்டும் உரியதல்ல என்று இதனால்தான் சொல்கிறேன்.

அன்றைக்கு நாடெங்கும் இருந்து உதவி வந்தது. உடுப்பு, அரிசி, பால்மா, பணம் எல்லாம் வந்தன. பாதிக்கப்பட்ட குடும்பங்கள் முதலில் பாடசாலைகளிலும் பின்னர் மாக்கல்தெனிய பழைய தேயிலைத் தொழிற்சாலையிலும் இருந்தார்கள். 75 வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டது 2016இல். ஏறக்குறைய இரண்டு வருஷம் காத்திருந்த மக்களுக்கு, தங்கள் பெயரால் எவ்வளவு வந்தது, யார் வைத்திருக்கிறார், எதற்குச் செலவாகிறது என்று மாதத்துக்கு ஒரு தடவை சுவரில் ஒட்டிய ஒரு தாள் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! எந்த முகாமுக்கும் இது பொருந்தும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோதும் நம் மாவட்டம் மண்சரிவால் அடிபட்டது. மறுபடியும் உதவி வருகிறது, மறுபடியும் பட்டியல் எழுதப்படுகிறது. ஆகவே இந்தப் பாடம் பழசாகவில்லை.

ட்ரஸ்ட் என்றால் யார்?

1992ஆம் ஆண்டு அரசாங்கத் தோட்டங்களின் நிருவாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டபோது, தொழிலாளரின் வீடமைப்பு, சமூக நலன் வேலைகளுக்காக ஒரு நிறுவனம் ஏற்பட்டது. 2002இல் அது பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று பெயர் மாறியது. நாம் சுருக்கமாக ட்ரஸ்ட் என்கிறோம். அரசாங்கம், கம்பனிகள், தொழிற்சங்கங்கள் என்று மூன்று தரப்பும் அதில் உண்டு.

இந்த அமைப்பில் ஒரு நன்மை இருக்கிறது. ஒருவர் செய்வதை மற்ற இருவர் பார்க்கலாம். முக்காலிக்கு மூன்று கால் இருப்பதால் அது நிற்கிறது. ஆனால் முக்காலியில் உட்காருவது நாம். மேலே மூன்று தரப்பும் சேர்ந்து பேசுவது லயத்துக்கு வந்து சேர வேண்டும். நம் சங்கப் பிரதிநிதியிடம், "போன தடவை நம்ம டிவிசன் பத்தி என்னா பேசினீங்க?" என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அவரைத் தெரிந்தெடுத்ததும் சந்தா கட்டியதும் நாம்.

சின்னச் சங்கத்திலும் இதே ஒழுங்கு வேண்டும். பணத்தை வாங்குகிறவர் ஒருவர், புத்தகம் எழுதுகிறவர் ஒருவர், காசோலையில் கையொப்பம் வைப்பவர் இரண்டு பேர், கணக்கைப் பரிசோதிப்பவர் இவர்களில் யாருமில்லாத வேறொருவர். என் கதையில் இந்த நாலு வேலையையும் நானே செய்தேன். அங்கேதான் பிழை தொடங்கியது. தேன் எடுத்தவன் புறங்கையை நக்குவான் என்பார்கள். நக்காதவனும்கூட, பார்க்க ஆள் இல்லாவிட்டால் சிந்தி விடுவான்.

கணக்கை வாசிப்பது எப்படி?

கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். கீழே ஒரு மரண சகாய சங்கத்தின் உதாரணக் கணக்கு. 120 குடும்பம், மாதம் 50 ரூபா சந்தா என்று வைத்துக் கொள்வோம்.

போன வருஷ மீதி: 18,000 ரூபா
இந்த வருஷம் சேர்ந்த சந்தா: 66,500 ரூபா
இரண்டும் சேர்த்து: 84,500 ரூபா

மரண உதவி, 6 குடும்பத்துக்கு 10,000 ரூபா வீதம்: 60,000 ரூபா
போக்குவரத்து: 2,300 ரூபா
புத்தகம், காகிதம்: 1,200 ரூபா
மொத்தச் செலவு: 63,500 ரூபா

இருக்க வேண்டிய மீதி: 21,000 ரூபா

இனிக் கேள்விகளைக் கேட்போம்.

ஒன்று. 120 குடும்பம், 50 ரூபா, 12 மாதம் என்றால் 72,000 ரூபா வர வேண்டும். வந்தது 66,500. மிச்சம் 5,500 ரூபா யாருடைய நிலுவை? பெயர்ப் பட்டியல் இருக்கிறதா?

இரண்டு. 6 குடும்பத்துக்கு உதவி கொடுத்தோம் என்றால் 6 பற்றுச்சீட்டு இருக்க வேண்டும். வாங்கினவர் கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ இருக்கிறதா? அந்த ஆறு குடும்பமும் நம் டிவிசனில்தானே இருக்கிறது, உண்மையில் கையில் கிடைத்தது 10,000 தானா?

மூன்று. இருக்க வேண்டியது 21,000. வங்கிப் புத்தகத்தில் 16,000, பொருளாளர் கையில் 3,000 என்றால் 19,000 தான் இருக்கிறது. 2,000 எங்கே? இதுதான் அந்தப் பாட்டி கேட்ட கேள்வி. ஒரு வருஷக் கணக்கு முழுவதற்கும் இந்த ஒரு கேள்வியே சாவி.

நான்கு. எதற்குப் பணம் சேர்த்தோமோ அதற்குத்தான் செலவாகிறதா? 63,500இல் 60,000 சாவு வீட்டுக்குப் போயிருக்கிறது. இது நல்ல சங்கம். அதே 63,500இல் 30,000 கூட்டச் செலவு, சாப்பாட்டுச் செலவு என்று இருந்தால், கூட்டினால் கணக்குச் சரியாக வரும், ஆனால் தருமம் பிழைத்துப் போயிருக்கும். தொகை சரியா என்று பார்ப்பதோடு நிற்காமல், போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போனதா என்றும் பார்க்க வேண்டும்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது

கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்திருந்தால், 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் அதற்குப் பொருந்தும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது கணக்காய்வு நடக்க வேண்டும். பொதுக் கூட்டத்தில் அங்கத்தவர் அதைக் கேட்கலாம். சங்கத்தில் பெரிய துரைக்கும் ஒரு வாக்கு, கொழுந்து எடுப்பவருக்கும் ஒரு வாக்கு. கூட்டுறவின் பெருமையே அதுதான்.

தொண்டு நிறுவனங்களுக்கு 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அவை பதிவு செய்யப்படவும் மேற்பார்வை செய்யப்படவும் அது வழி செய்கிறது. மோசடி நடந்ததாகத் தெரிந்தால் இடைக்கால நிருவாக சபையை நியமிக்கலாம் என்று 1998இல் ஒரு திருத்தமும் வந்தது.

எல்லாவற்றிலும் நமக்குப் பெரிய ஆயுதம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரியில் இருந்து நடைமுறையில் உள்ளது. பிரதேச செயலகம், பிரதேச சபை போன்ற அரச நிறுவனங்களிடம் எந்தப் பிரஜையும் தகவல் கேட்கலாம். அரசாங்கத்தின் அல்லது வெளிநாட்டு அரசாங்கம், சர்வதேச அமைப்பு போன்றவற்றின் பணத்தைப் பெருமளவில் பெற்று மக்களுக்குச் சேவை செய்யும் தொண்டு நிறுவனங்களிடமும், அந்தச் சேவை பற்றிக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் தகவல் உத்தியோகத்தர் அதை எழுதிக் கொள்ள வேண்டும். கொடுப்பதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். கொடுக்கும்போது மறக்காமல் ரசீது வாங்கிக் கொள்ளுங்கள்.

"எந்தப் பிரஜையும்" என்ற சொல்லைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1948இல் நம் மக்களின் பிரஜாவுரிமை பறி போனது. எஞ்சியிருந்தவர்களுக்கும் கிடைக்கும்படி சட்டம் வந்தது 2003இல். நம் தாத்தா பாட்டி கேட்க முடியாமல் இருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் இப்போது இல்லை. பழக்கம் மட்டும் மிஞ்சி இருக்கிறது.

எப்படிக் கேட்பது, எப்படிப் பதில் சொல்வது?

கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லயத்து வாசலில் நின்று, "அவன் சாப்பிட்டுட்டான், இவன் சாப்பிட்டுட்டான்" என்று பேசுவது கணக்குக் கேட்பது ஆகாது. அது புறணி. அதனால் நல்ல மனிதர் ஒதுங்கிப் போவார், கள்ளனுக்கு ஒன்றும் ஆகாது. கூட்டத்தில் எழுந்து, எல்லார் முன்னாலும், மரியாதையாக, தொகையையும் திகதியையும் சொல்லிக் கேளுங்கள். தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் ஐந்து பேர் சேர்ந்து எழுதிக் கொடுங்கள். உங்கள் கேள்வியும் அதற்குச் சொன்ன பதிலும் கூட்டறிக்கையில் எழுதப்பட்டதா என்று பாருங்கள்.

பதில் சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கேட்டவரை உட்காரச் சொல்லாதீர்கள். அவர் உங்களுக்கு உதவி செய்கிறார். கேட்பதற்கு முன்பே கணக்கை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, கோயிலிலும் பிள்ளை மடுவத்திலும் ஒட்டி விடுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்காக ஒரு பாடசாலைப் பிள்ளையை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். என் போன்ற உத்தியோகத்தர்களுக்கும் இது பொருந்தும். கோபம் வந்தால், அன்று இரவே புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். சில வேளை கோபம் வந்த இடத்தில்தான் பிழை இருக்கும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். தருமத்தை வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. அளந்து, எழுதிச் செய் என்றுதான் சொன்னார்கள். அளக்காமல் போட்டது ஆற்றுக்கும் உதவாது, போட்டவனுக்கும் உதவாது.

கூடிப் பேசுவதற்குச் சில கேள்விகள்

1. உங்கள் டிவிசனில் உங்கள் பெயரால் பணம் சேர்க்கும் அல்லது பெறும் அமைப்புகள் எத்தனை? ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

2. அவற்றில் எது எது கடைசியாக எந்தத் திகதியில் கணக்குக் காட்டியது?

3. உங்கள் சங்கத்தில் பணம் வாங்குவதும், புத்தகம் எழுதுவதும், கணக்குப் பரிசோதிப்பதும் ஒரே ஆளா?

4. அடுத்த பொதுக் கூட்டத்தில் முதல் கேள்வியைக் கேட்கப் போவது யார்? அவர் எழுந்து நிற்கும்போது, "உக்காரு" என்று யாராவது சொன்னால், "கேக்கட்டும்" என்று சொல்லப் போவது யார்?

நாலாவது கேள்விக்கு இந்த மாதமே பதில் தேடிக் கொள்ளுங்கள். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் "கேக்கட்டும்" என்று சொல்ல ஒருவர் இருந்திருந்தால், அந்தப் பாட்டி அடுத்த கூட்டம் வரை தலை குனிந்து திரிந்திருக்க மாட்டார். நானும் திருந்துவதற்கு அவ்வளவு நாள் எடுத்திருக்க மாட்டேன்.